வெண்ணெய் கேட்ட விரல்கள்

அத்தியாயம் 6

"பன்னிரண்டு அடிச்சா வெட்டிருவாங்க, அக்கா. வலது கை. ரெண்டு விரல்" என்றாள் பார்பெல்.

சொல்லும்போதும் அவள் கத்தி நிற்கவில்லை. பலகையில் கிடந்த மாட்டுக் குடலை நறுக்கிக்கொண்டே இருந்தாள். எர்லன்ப்ரூக் சந்தையில் அன்று சனிக்கிழமைக் கூட்டம். குடல் வாங்க நின்ற இருவர் அவள் கத்தியின் வேகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வரலாம் என்று நகர்ந்துபோனார்கள்.

"நறுக்குறதை நிறுத்து. உன் விரலும் போயிடப்போகுது" என்றாள் உர்சுலா ஹேகன்.

"நிறுத்தினா அழுதுடுவேன்."

"அப்ப நறுக்கு."

உர்சுலா புத்தகம் கட்டும் மேஸ்திரியின் விதவை. நகரமன்றத்துக்கு ஊர் பேர் இல்லாத காகிதம் ஏதாவது வந்து சேர்ந்தால், அதைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுப் பின்வாசலைத்தான் தட்டுவார்கள். முன்வாசலைத் தட்ட மாட்டார்கள். ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டோம் என்று வெளியே தெரியக் கூடாது அல்லவா?

இந்த முறை தட்டியவள் பார்பெல். அவள் கணவன் லீன்ஹார்ட் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவன். போன வாரம் அவன் வீட்டுப் பரணில் ஒரு துணி மூட்டை அகப்பட்டது. மேலே நான்கு முழம் முரட்டுத் துணி. அடியில் இருநூறு பிரசுரங்கள். எழுதியவர் பெயர் இல்லை.

கோயில்களிலிருந்து சொரூபங்களை இறக்கி, மடங்களை மூடி, போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்ட நாளிலிருந்து எர்லன்ப்ரூக் நகரமன்றம் காகிதத்தைக் கண்டால் நடுங்கியது. பெயர் இல்லாத பிரசுரத்தை வைத்திருந்தவனுக்கு, சத்தியம் செய்ய உயர்த்தும் இரண்டு விரல்கள் போகும். இதுதான் புதுச் சட்டம். லீன்ஹார்ட் எழுத்துப் பொறுக்குவதும் அதே இரண்டு விரல்களால்தான்.

"உல்ம் ஊர்த் துணி வியாபாரின்னு ஒருத்தன் வந்து, ரெண்டு நாள் வெச்சிருங்கன்னு கெஞ்சினான். இந்த மனுஷன் பாவம் பார்த்து வாங்கிட்டாரு. இதைச் சொன்னா ஒருத்தனும் நம்பல" என்றாள் பார்பெல். "நேத்து ஜெயில்ல ஒண்ணு ஞாபகம் வந்து சொன்னாரு. மூட்டைய குடுக்கும்போது அவன் புலம்பினானாம். மூணு கெண்டை விடுதியில சனிக்கிழமை சனிக்கிழமை கறியப் பொசுக்கிடுறாங்கன்னு."

உர்சுலா நிமிர்ந்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமைன்னா சொன்னான்?"

"ஆமா."

"உல்ம்லேருந்து ஒருத்தன் வாராவாரம் வர முடியாது. அவன் பக்கத்து ஊர்க்காரன்." உர்சுலா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "இன்னிக்குச் சனிக்கிழமை. டீபோல்ட் எங்க?"

டீபோல்ட் பக்கத்துக் கடையில் நின்று பன்றிக்கறித் தொத்திறைச்சியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருடம் முன்பு பெர்கன்டால் மடத்தின் சுவரேறிக் குதித்து ஓடிவந்த துறவி, இப்போது உர்சுலாவின் உதவியாள். குதித்த இடத்தில் சுவர் இன்னும் சாய்ந்தே இருக்கிறது என்று ஊரில் பேச்சு.

"வந்துட்டேன், மேஸ்திரியம்மா. இதுல விஷம் இருக்கான்னு பார்த்தேன். பாதி வரைக்கும் இல்ல."

பேராலயத்து மணி ஒன்பதரை அடித்தது.

*

மூன்று கெண்டை விடுதியில் ஒரே நீளமேசை. பதினோரு ஆண்கள் தோளோடு தோள் இடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புகை, முட்டைக்கோஸ் புளிப்பு, ஈரக் கம்பளி எல்லாம் கலந்து மூக்கை அடைத்தது.

"மஞ்சத் தாடி, நடுத்தர உயரம்" என்று லீன்ஹார்ட் சொன்ன அடையாளத்தை முணுமுணுத்தான் டீபோல்ட். "இதுல ஏழு மஞ்சத் தாடி இருக்கு. இந்த அடையாளத்துல என்னையே புடிச்சுட்டுப் போகலாம்."

"உன்னை யாரு நடுத்தரம்னு சொன்னது?"

"உயரத்தச் சொன்னேன். அகலத்தப் பத்திப் பேச்சே எடுக்கல."

இருவரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். டீபோல்ட் உட்கார்ந்ததும் மறுமுனையில் இருந்த வெங்காய வியாபாரி அரை அடி உயர்ந்தான்.

உர்சுலாவுக்குக் கால் தரிக்கவில்லை. நகத்தால் மேசை விளிம்பை அழுத்தி அழுத்திக் கோடு போட்டாள். புத்தகத் தாளை மடிக்கிற பழக்கம். நகரமன்ற எழுத்தர் ஃபைட் கிரீப் நேற்று சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது: 'எழுதினவன் ஒரு துறவிதான். சந்தேகமே இல்ல. அந்தத் துறவியக் கொண்டா, லீன்ஹார்ட்டை விட்டுடுறேன்.'

துறவி என்று எப்படி முடிவு கட்டினார்கள்? பிரசுரம் பேசியது மூடப்பட்ட புனித வெரீனா கன்னியர் மடத்தைப் பற்றி. 'மடத்தை மூடினீர்கள், சரி. அங்கே நாற்பது சிறுமிகள் எழுதப் படிக்கக் கற்றார்களே, அவர்கள் இப்போது எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்?' என்று கேட்டது. வேதாகமத்திலிருந்து இருபத்தோரு இடம் காட்டியது, ஒன்றுகூடப் பிழையில்லாமல். மடம் போனதற்கு இவ்வளவு படித்தவன் அழுதால் அவன் துறவியாகத்தானே இருக்க வேண்டும்? மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் போதகர்கள் மேடையேறி அந்தக் கண்ணுக்குத் தெரியாத துறவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உல்ம் போற பாதை வெள்ளத்துல அடைச்சுக் கிடக்காமே?" என்று உர்சுலா பொதுவாகக் கேட்டு வைத்தாள்.

பதினோரு முகங்களையும் ஒரே பார்வையில் வாரினாள். யாரும் அசையவில்லை.

"அது போன வருஷம்" என்றான் வெங்காய வியாபாரி.

வேறு வழியில்லை. சாப்பிட்டார்கள். டீபோல்ட் இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி இதுதான் என்ற முகத்தோடு மூன்றாவது ரொட்டியைப் பிய்த்தான். இடது கையால் வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து எதிரே இருந்தவன் பக்கம் தள்ளினான். மறுபடி மென்றான்.

உர்சுலாவின் நகம் நின்றது.

"டீபோல்ட். இப்ப என்ன செஞ்ச?"

"மூணாவது ரொட்டிதான். நாலாவது இல்ல."

"வெண்ணெய ஏன் அவன் பக்கம் தள்ளின?"

"கேட்டான், குடுத்தேன்."

"அவன் வாயே திறக்கல." உர்சுலாவின் குரல் அவன் காதுக்கு மட்டும் போனது. "அவன் வாய் முழுக்க ரொட்டி. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எப்படிக் கேட்டான்?"

டீபோல்ட்டின் தாடை பாதியில் நின்றது. அவன் தன் கைகளையே பார்த்தான். ஏதோ இன்னொருவன் கைகள் தன் தோளில் தொங்குவதுபோல.

"கைய... தேய்ச்சான். உள்ளங்கைய." அவன் விழுங்கினான். "மேஸ்திரியம்மா, எங்க மடத்துல சாப்பிடும்போது பேசக் கூடாது. பேசினா பட்டினி. எல்லாத்துக்கும் கைச்சாடைதான். ரொட்டிக்கு ஒண்ணு, உப்புக்கு ஒண்ணு, வெண்ணெய்க்கு ஒண்ணு. பதினாலு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். அவன் சாடை காட்டினான். என் கை தானாப் போயிடுச்சு. எனக்கே தெரியாது!"

"அப்ப அவன்?"

"எங்க கூட்டம்." டீபோல்ட்டின் கண்கள் வட்டமாயின. "துறவி!"

எதிரே இருந்த மஞ்சள் தாடிக்காரனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தான் சாடை காட்டியதே அவனுக்கும் தெரியவில்லை. வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அடைத்த ரொட்டி அது. கையில் இருந்த துண்டின் மேல் ஏற்கெனவே இரண்டு தடவை வெண்ணெய் தடவியாகிவிட்டது. இப்போது மூன்றாவது தடவை தடவினான். கண் ஜன்னலில். மேசைக்கு அடியில் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

மணி பத்து அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவன் தோள் உள்ளே போனது. பத்தாவது அடியில் ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்து வெளியேறினான்.

"வா" என்றாள் உர்சுலா.

டீபோல்ட் அவன் விட்டுப்போன ரொட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். "சாட்சிப் பொருள்" என்றான்.

*

அவன் நேராகப் போகவில்லை. மன்றத்துச் சதுக்கம் வரை போனான். அங்கே தச்சர்கள் மேடைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தான். திரும்பினான். மீன் சந்தை வழியாகப் பாலம் வரை போய், மறுபடி சதுக்கத்துக்கு வந்தான். மேடைமேல் வெட்டுமரத்தை உருட்டி வைத்ததும், யாரோ முதுகில் அடித்ததுபோலப் பாலத்தை நோக்கி ஓட ஆரம்பித்தான்.

"ஒரு முடிவெடுடா, சாமி" என்று மூச்சிரைத்தான் டீபோல்ட். "மடத்துல இவ்வளவு நடக்க விட்டிருந்தா நான் ஓடியே வந்திருக்க மாட்டேன்."

பாலத்தின் நடுவில் உர்சுலா அவன் முன்னால் போய் நின்றாள். பின்பக்கம் டீபோல்ட். அந்தப் பாலத்தில் டீபோல்ட் நின்றால் வண்டியே தாண்ட முடியாது.

"உல்ம்ல துணி எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டாள் உர்சுலா.

அவன் அவளைப் பார்த்தான். கீழே ஓடிய ஆற்றைப் பார்த்தான். பிறகு, பிடிபட்ட மனிதன் செய்யக்கூடிய கடைசிக் காரியத்தைச் செய்தான். சிரித்தான். நிம்மதியாகச் சிரித்தான்.

"நான்தான்" என்றான். "நான்தாம்மா எழுதினேன். நான் துறவி. பெர்கன்டால் மடத்துத் துறவி. என்னைக் கூட்டிட்டுப் போங்க. அந்த எழுத்துக் கோக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது."

டீபோல்ட் தொப்பியை வானத்தில் எறியாத குறை. "முடிஞ்சுது! மேஸ்திரியம்மா, இன்னும் மணி பத்தரைகூட ஆகல. மதியச் சாப்பாட்டுக்கு லீன்ஹார்ட் அவன் விரலாலேயே கறிய எடுத்துத் தின்பான். வாங்க போவோம்."

உர்சுலா அசையவில்லை.

"நகரமன்றம் ஒரு துறவிய என்ன பண்ணும் தெரியுமா? விரலோட விட மாட்டாங்க" என்றாள் அவனிடம்.

"தெரியும்."

"தெரிஞ்சும் இவ்வளவு சந்தோஷமா வர்றீங்களா?" அவள் டீபோல்ட் பக்கம் திரும்பினாள். "பெர்கன்டால் உன் மடம்தானே? இவரைத் தெரியுமா?"

டீபோல்ட்டின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "நான் வந்தப்புறம் சேர்ந்திருப்பாரு."

"நீ வந்த மறு வருஷமே குடியானவங்க கலகத்துல அந்த மடம் எரிஞ்சுபோச்சு."

"ஆமா... ஒரு வருஷத்துல சேர்ந்து... நான் போய் ஒரு இடம் காலியானதால..." டீபோல்ட்டே நிறுத்திக்கொண்டான். பிறகு எதிரே நின்றவனின் முகத்துக்கு நேராக இரண்டு விரலால் தன் நெற்றியைத் தொட்டு, கையை முதுகுக்குப் பின்னால் சட்டென்று மறைத்தான்.

எதிரே நின்றவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"இது எந்தத் துறவிக்கும் புரியும்" என்றான் டீபோல்ட் மெல்ல. "மடத்தலைவர் வர்றார், குவளைய ஒளி. இதுக்குத் திரும்பிப் பார்க்காத துறவி கிறிஸ்தவ உலகத்துலயே கிடையாது."

"உப்பைக் கேட்டுப் பாரு" என்றாள் உர்சுலா.

டீபோல்ட் மூன்று விரல் நுனிகளைச் சேர்த்து லேசாக உதறினான். எதிரே நின்றவனின் கை பாதி தூரம் மேலே வந்தது, எடுத்துக் கொடுக்க. பிறகு பயந்து கீழே இறங்கியது.

"ரொட்டி, உப்பு, வெண்ணெய்" என்றாள் உர்சுலா. "மேசைச் சாடை மட்டும் தெரியுது. மடத்துச் சாடை தெரியல. டீபோல்ட், யோசிச்சுச் சொல்லு. விடுதியில எத்தனை விரலால தேய்ச்சாரு?"

டீபோல்ட் கண்ணை மூடி, தன் உள்ளங்கையில் தானே தேய்த்துப் பார்த்தான். "மூணு... இல்ல. ரெண்டு." கண்ணைத் திறந்தான். "அட! எங்க மடத்துல வெண்ணெய்க்கு மூணு விரல். ரெண்டு விரல் வேற எடம். நான் மாசா மாசம் வெண்ணெய்ப் பீப்பாய் கொண்டுபோய் இறக்குவேன். அங்க தலைவி கஞ்சம், ஒரு விரல் குறைச்சுத் தடவுங்கன்னு சாடையையே மாத்திட்டாங்கன்னு நாங்க கேலி பண்ணுவோம்."

"எந்த எடம்?"

"புனித வெரீனா." அவன் கையைக் கீழே இறக்கினான். "கன்னியர் மடம்."

பாலத்தின் மேல் காற்று சுழன்று அடித்தது. எதிரே நின்றவனின் முகத்தில் அந்த நிம்மதிச் சிரிப்பு இப்போது இல்லை.

"உங்க பேரு என்னங்க?" என்று உர்சுலா கேட்டாள். இதுவரை கேட்ட எதையும்விட மென்மையாகக் கேட்டாள்.

"வென்டெல். மெழுகு காய்ச்சுறவன். அக்கரையில வீடு."

"வீட்டுல சாப்பிடும்போது உங்களுக்கு எதிர்ல உக்கார்றது யாரு, வென்டெல்?"

வென்டெல் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "நான்தாம்மா எழுதினேன்" என்றான் மறுபடி. "நான்தான்னு எழுதிக்குங்களேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

டீபோல்ட் உர்சுலாவைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் வேடிக்கை இல்லை. "மேஸ்திரியம்மா... அவரே வர்றேங்கிறாரு. மணி ஆகுது. லீன்ஹார்ட்..."

"லீன்ஹார்ட் விரலுக்கு இவர் உயிரா? அந்தக் கணக்குக்கு நான் வரல" என்றாள் உர்சுலா. "நடங்க. வீட்டைக் காட்டுங்க."

*

அக்கரை வீட்டு வாசலில் தேன்கூடுகள் இரைந்தன. முன்பெல்லாம் சொரூபங்களுக்கு முன்னால் ஏற்ற ஆள் உயர மெழுகுவத்திகள் செய்த கொட்டகை அது. இப்போது சொரூபங்களும் இல்லை, வத்திகளும் இல்லை. தோல் செருப்புக்குத் தேய்க்கிற மெழுகு உருண்டைகள் வரிசையாகக் காய்ந்தன.

உள்ளே ஒரு பெண் கொதிக்கும் மெழுகைத் துழாவிக்கொண்டிருந்தாள். நெடிய உருவம், குறுகலான முகம். மூன்று பேர் வந்து நிற்பதைப் பார்த்ததும் கரண்டியை வைத்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். பயந்த குரல் இல்லை. சாப்பாட்டுக்கு நேரம் கழித்து வந்த விருந்தாளியிடம் பேசுகிற குரல். "மூணு வாரமாச்சு. ஒருத்தரும் வரலையேன்னு பார்த்தேன். யாருமே படிக்கல போலன்னு நெனச்சுட்டேன்."

உர்சுலா கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தாள். "படிச்சாங்க. மூணு ஞாயித்துக்கிழமையா போதகர்கள் மேடையில நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

அந்தப் பெண்ணின் முகம் ஜன்னல் திறந்ததுபோல வெளிச்சமானது. "எனக்கா?"

"ஒரு துறவிக்கு."

"எந்தத் துறவி?"

"நீங்கதான் அந்தத் துறவி. அதுல பேர் இல்லையே."

அவள் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். வென்டெல் காய்கிற மெழுகு உருண்டைகளைப் பார்த்தான்.

"அப்பொலோனியா" என்றான் அவன். "பேர் போட்டா உன்னைப் புடிச்சுட்டுப் போயிடுவாங்க. ரைன் நதிக்கு அந்தப் பக்கம் அச்சுக்குக் குடுக்கப் போனப்ப, கடைசித் தாள்ல அடியில ஒரு துண்டு... வெட்டிட்டேன். திரும்பி வரும்போது நகர வாசல்ல காவக்காரங்க வண்டியக் கிளறுறதப் பார்த்துப் பயந்துட்டேன். அம்பது பிரதிய சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு, மிச்சத்த முதல்ல தெரிஞ்ச வீட்டுல குடுத்துட்டேன். அந்த அம்பதத்தான் கோயில் பெஞ்சுல வெச்சேன். அந்த மனுஷன் விரல் போகும்னு எனக்குத் தெரியாது."

"யாரு விரல்?"

டீபோல்ட்தான் சொன்னான். லீன்ஹார்ட், பார்பெல், வெட்டுமரம், பன்னிரண்டு மணி. அவன் ஒரு விஷயத்தை இத்தனை குறைந்த வார்த்தைகளில் சொல்லி உர்சுலா கேட்டதே இல்லை.

அப்பொலோனியா கேட்டு முடித்தாள். கைகளை நீரில் முக்கி, விரலிடுக்கில் ஒட்டிய மெழுகை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"மடத்துல பதினோரு வருஷம் எனக்கு என் பேர் கிடையாது" என்றாள் வென்டெல்லிடம். "சகோதரி ஸ்கொலாஸ்டிகா. அவங்க வெச்சது. மடத்தை மூடினப்ப ஒரு போர்வை, ஒரு ஜோடி செருப்புக் குடுத்து அனுப்பினாங்க. நானா எடுத்துக்கிட்டது என் பேர் ஒண்ணுதான். நீங்க அதைப் போய் வெட்டியிருக்கீங்க."

"உன்னைக் காப்பாத்தத்தான்..."

"தெரியும். அதனாலதான் இன்னும் உங்களோட பேசிக்கிட்டு இருக்கேன்." அவள் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். "மணி என்ன?"

"பதினொண்ணு அடிச்சு ரொம்ப நேரமாச்சு" என்றாள் உர்சுலா.

"அப்ப ஓடணும்."

"மறுபடியுமா?" என்றான் டீபோல்ட். ஆனால் முதலில் வாசலைத் தாண்டியவன் அவன்தான்.

*

சதுக்கத்தில் ஈ நுழைய இடமில்லை. டீபோல்ட் தோளைக் கொடுத்து முன்னால் போனான். உழுகிற கொழுவுக்குப் பின்னால் போவதுபோல மற்ற மூவரும் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மேடைமேல் லீன்ஹார்ட் முட்டிபோட்டிருந்தான். வலது கை வெட்டுமரத்தின் மேல் தோல்வாரால் கட்டப்பட்டிருந்தது. கறுப்பு மையேறிய நகங்கள். பார்பெல் மேடைக் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"துறவியக் கொண்டாந்தியா?" என்று எழுத்தர் ஃபைட் கிரீப் மேலிருந்து கேட்டார். வென்டெல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இவனா?"

"இவர் மெழுகு காய்ச்சுறவர்" என்றாள் உர்சுலா. "எழுதினது இவங்க."

கிரீப் அப்பொலோனியாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவரைச் சுற்றி நின்ற மன்றத்தார் நால்வரும் சிரித்தார்கள்.

"உர்சுலா, நேரத்த வீணாக்காத. இது பொம்பள எழுத்து இல்ல. நம்ம போதகர்கள் மூணு வாரமா மல்லாடுறாங்க. லத்தீன்லயும் கிரேக்கத்துலயும் தேடிப் பார்த்துப் பதில் சொல்றாங்க. ஒரு மெழுகுக்காரிக்கா?"

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றாள் அப்பொலோனியா. "எளிய மொழியிலதான் எழுதியிருந்தேன்."

கூட்டத்தில் ஒரு மூலையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

அவள் மேடைமேல் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. ஒரு பெண் அப்படி ஏறுவாள் என்று யாருக்கும் தோன்றாததால் தடுக்க ஆள் நிறுத்தியிருக்கவில்லை. மேசையில் அந்த மூட்டை பிரித்து வைக்கப்பட்டிருந்தது. மேலாக இருந்த ஒன்றை எடுத்தாள். கிரீப்பின் மைக்கூட்டில் கிரீப்பின் இறகை நனைத்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினாள். உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"அப்பொலோனியா இம்லின். அக்கரை. புனித வெரீனா பள்ளியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள்."

அடுத்ததை எடுத்தாள். மறுபடி எழுதினாள்.

"என்ன பண்ற?" என்று பதறினார் கிரீப்.

"பேர் இல்லாத பிரசுரத்துக்குத்தானே விரல்?" என்றாள் உர்சுலா கீழேயிருந்து. "இப்ப பேர் இருக்கு. சட்டத்த எழுதினது நீங்க."

"டீச்சரம்மா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இடுப்பில் கூடை வைத்த ஓர் இளம்பெண். அவளுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி. இன்னும் பின்னால் ஒருத்தி எட்டிப் பார்த்து, கையை உயர்த்தினாள். "அவங்கதான்! எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தது அவங்கதான்!"

கிரீப் மன்றத்தாரைப் பார்த்தார். சிரிப்பு எல்லா முகத்திலிருந்தும் போயிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது ஒவ்வொரு மூளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அவிழ்த்து விடு" என்றார் வெட்டுக்காரனிடம், யாரையும் பார்க்காமல்.

தோல்வார் அவிழ்ந்தது. லீன்ஹார்ட் கையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். பிறகு எண்ணினான், ஐந்து இருப்பது தெரிந்தும். பார்பெல் மேலே பாய்ந்து அவன் தலையில் ஓர் அடி வைத்தாள். "இனிமே எவனாவது மூட்டையக் குடுத்தா வாங்குவியா? வாங்குவியா?" என்று கேட்டுவிட்டு, அதே கையால் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

கிரீப் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க. இதோட விட்டுடலாம். நாங்களும் மறந்துடுறோம்."

அப்பொலோனியா இறகை வைத்தாள். கீழே வென்டெல் அவளைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகத் தலையசைத்தான். வா, வந்துவிடு.

"இல்லைங்க. தப்பா எழுதியிருந்தா என்னை விசாரிக்கணும். விசாரிக்கணும்னா, எழுதினத மக்கள் முன்னால முதல்லேருந்து கடைசி வரைக்கும் வாசிக்கணும். அதுதானே முறை?"

"இப்பவா? இங்கயா?"

"எல்லாரும்தான் வந்திருக்காங்களே."

மேடைப் படியில் உட்கார்ந்தாள். பாவாடையைக் கால்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாடு கடத்துவாங்க" என்று உர்சுலா அவள் காதருகில் குனிந்து சொன்னாள். "இப்பப் போனா வீடு இருக்கும். வாசிச்சா இருக்காது. யோசிச்சுக்குங்க."

"தேனீய எங்க வேணா வளர்க்கலாம்" என்றாள் அப்பொலோனியா. கண்களைக் கிரீப்பிடமிருந்து எடுக்கவில்லை.

வென்டெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவளை இழுத்துப்போக வந்தவன் போலத்தான் வந்தான். பக்கத்தில் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு அதே படியில் அவளோடு உட்கார்ந்தான்.

பேராலயத்து மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. கிரீப் அது முடியும்வரை காத்திருந்தார். இன்னும் நூறு முறை அடித்தால் நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். பன்னிரண்டோடு நின்றுவிட்டது. சதுக்கம் முழுவதும் அவரையே பார்த்தது. அவர் பிரசுரத்தை எடுத்தார், தூரமாகப் பிடித்தார், தொண்டையைச் செருமினார், முதல் வரியை வாயசைவாக முணுமுணுத்தார்.

"இந்தாய்யா!" என்று கூட்டத்தின் கடைசியிலிருந்து வாத்துக்காரி ஒருத்தி கத்தினாள். "சத்தமா வாசி! பின்னாடி ஒண்ணும் கேக்கல!"